நடந்து போனவர்கள்

பழங்காலப் பயணம் என்றதும் நம் மனக்கண்ணில் பல்லக்கும் குதிரையும் வில்வண்டியும் வந்து நிற்கின்றன. சரித்திரத் தொடர்கதைகளும் திரைப்படங்களும் வளர்த்துவிட்ட வழக்கம் இது. ஆனால் இருப்புப்பாதைக்கு முந்தைய தமிழகத்தில் மக்களுள் மிகப் பெரும்பாலோர் நடந்தே பயணம் செய்தனர். அதுவே அன்றைய இயல்பு. இயல்பாக இருந்ததாலேயே அதை எழுதிவைக்க வேண்டுமென்று பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை.

சான்றாக, ஏனுகுல வீராசாமியின் காசி யாத்திரையைக் கொள்ளலாம். சென்னை உயர்நிலை நீதிமன்றமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இவர், 1830 மே மாதம் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். வழிநெடுக நண்பருக்கு எழுதியனுப்பிய தெலுங்குக் குறிப்புகள் 1838இல் நூலாயின. ஊர்கள், ஆறுகள், தங்குமிடங்கள், கிடைக்கும் பண்டங்கள் என அவர் பதிவு செய்தவை ஏராளம். அவர் சென்றது பல்லக்கில். அதைச் சுமந்தவர்களும் அதே வழியைக் கடந்தனர். ஆயினும் அவர்களுடைய யாத்திரை என்று ஒரு நூல் நம்மிடம் இல்லை. எழுதியவர் பயணத்தையே அக்காலத்தின் பயணமாகக் கொள்வது நாம் எளிதில் செய்யும் பிழை.

நடந்தவர்களை வேறெங்கே தேடுவது? சத்திரங்களில் தேடலாம். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம், இராமேசுவரம் செல்லும் வழியில், தஞ்சையிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. காலையில் நடக்கத் தொடங்கியவர் பொழுது சாய்வதற்குள் சென்றடையக்கூடிய தொலைவு அது. ஏட்டில் இடம்பெறாத கால்களின் வலிமையும் களைப்பும் சத்திரங்களின் இடைவெளியில் பதிவாகியிருக்கின்றன.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பயணத்தின் இயல்பு மெல்ல மாறியது. பெருந்திரளானோர் ஏறியது மூன்றாம் வகுப்புப் பெட்டியில். அதன் நெரிசலையும் அழுக்கையும் காந்தியடிகள் 1917இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். வேறு வகுப்பில் செல்ல வசதியிருந்தும் மூன்றாம் வகுப்பைத் தேர்ந்துகொண்டவர் அவர். அதைத் தவிர வேறு வழியற்றவர்கள் எழுதியவை மிகச் சில. 1974இல் அவ்வகுப்பு நீக்கப்பட்டது. முன்பதிவற்ற பெட்டியின் நெரிசல் இன்றும் நீங்கவில்லை.

2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது, தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். நடை அரிதாகிவிட்ட காலமாதலால் நாளிதழ்கள் அதைப் படம்பிடித்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே மனிதர்கள் முன்பதிவற்ற பெட்டிகளில் நின்றபடியே ஊர் திரும்பியதை எத்தனை பேர் எழுதினோம்? அன்றாடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவலம் நேரும்வரை காத்திராமல், அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம் என்பது நம் எண்ணம்.