மலைப்பாதையில் அல்ட்ரா மரதன்: நண்பர்களோடு தயாராவது எப்படி?

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதைவிட நீளமான ஓட்டங்கள் அல்ட்ரா மரதன் எனப்படுகின்றன. தென்னாபிரிக்காவின் கொம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் தொடங்கியது; அதன் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். மலைப்பாதை ஓட்டங்களில் பெரிதாகப் பேசப்படுவது, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஊடாக மொன் பிளாங் மலையைச் சுற்றிவரும் ஓட்டம். 2003இல் தொடங்கிய இதில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரமும் 10,000 மீற்றர் ஏற்றமும் உண்டு.

நானும் மூன்று நண்பர்களும் அவ்வளவு தூரம் போகவில்லை. 50 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றுக்காக வார இறுதிகளில் மலையகத்தில் பயிற்சி செய்கிறோம். அதில் கற்றவையே இங்கு.

எங்கே ஓடுவது?

கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் பயிற்சிக்கு ஏற்றது. ஒவ்வொரு கட்டமாகப் பிரித்து ஓடலாம். முதல் கட்டம் கலஹாவில் முடிகிறது. அடுத்தது, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவுக்குச் செல்கிறது.

ஏற்றமும் இறக்கமும்

செங்குத்தான ஏற்றத்தில் அனுபவசாலிகளும் நடக்கவே செய்கிறார்கள். மூச்சு வாங்காமல் ஒரு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. இதற்கு மணிக்கூட்டைவிட, பக்கத்தில் கதைத்துக்கொண்டு வரும் நண்பர் நல்ல அளவுகோல்.

தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். கீழே இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. தசைநார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. ஓரிரு நாட்களின் பின் படியிறங்கவே சிரமப்படுவது இதனால்தான். சிறிய இறக்கங்களில் பழகினால், அடுத்த முறை அதே தசை குறைவாகவே பாதிக்கப்படும்.

தண்ணீர், உணவு

நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கருப்பட்டி எல்லாம் உதவும்.

தண்ணீர் குறைவது மட்டுமல்ல, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். ஆகவே தாகத்துக்குக் குடிப்பதே எங்கள் வழக்கம்.

நண்பர்கள் எதற்கு?

துணைக்கு மட்டுமல்ல. வெப்பத் தாக்கமோ சோடியம் குறைவோ மூளையைக் குழப்பும்போது, பாதிக்கப்பட்டவருக்கே அது தெரிவதில்லை. ஒருமுறை எங்களில் ஒருவர் கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னார். கால்கள் தள்ளாடின. "ஒண்டுமில்லை மச்சான், ஓடலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்கவில்லை, கைத்தாங்கலாக வீதிக்கு இறக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அன்றிலிருந்து மூன்று விதிகள் வைத்திருக்கிறோம்: மெதுவாக ஓடுபவரே வேகத்தைத் தீர்மானிப்பார், எவரையும் தனியே விடுவதில்லை, நிறுத்தச் சொல்ல ஒருவர் போதும், வாக்குவாதம் இல்லை.

மழை, குளவி

தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளை நனைக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. குளவி கலைந்தால் முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் விலக வேண்டும். மூச்சுத் திணறினால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். கைப்பேசி சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது.

பாதை யாருடையது?

இவை விளையாட்டுக்காக வெட்டப்பட்ட பாதைகள் அல்ல. தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்து சுமந்தும், பிள்ளைகள் பாடசாலைக்கும் நடக்கும் பாதைகள். நாங்கள் பயப்படும் குளவியும் மண்சரிவும் அவர்களுக்கு அன்றாட ஆபத்து. எங்களுக்கு நிறுத்திவிட்டுத் திரும்ப பஸ் இருக்கிறது; அவர்கள் மறுநாளும் அதே சரிவில் ஏற வேண்டும். லயன்களைக் கடக்கும்போது ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள். சுமையோடு வருபவருக்கு வழி விடுங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தேநீரும் சிற்றுண்டியும் தோட்டத்துக் கடையிலேயே வாங்குங்கள். மழைக்குப் பின் எந்தப் பாதை வழுக்கும், எந்த மரத்தில் குளவிக்கூடு என்பதை அவர்களிடமே கேளுங்கள். அதை எந்தக் கைப்பேசிச் செயலியும் சொல்லாது.