ஆண்ட்ரிக்ஸ்: அரசாங்கம் ஆகாயத்தில் வைத்த கடை

கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு வியாபாரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று சபர் போய்க் கடை வைத்தவர்களின் ஊர் இது. ஆனால் இந்திய அரசாங்கமே ஒரு கடை வைத்து, ராக்கெட்டில் இடத்தையும் செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் வெளிநாட்டுக்கு விற்றது என்பது நம்மில் பலர் அறியாத சங்கதி. இஸ்ரோவைத் தெரியும், அப்துல் கலாமைத் தெரியும். அந்தக் கடையின் பெயர்தான் தெரியாது. ஆண்ட்ரிக்ஸ். ஆகாயத்தைக் குறிக்கும் 'அந்தரிக்ஷம்' என்ற வடமொழிச் சொல்லுக்கு ஆங்கில வேஷம் போட்ட பெயர்.

இஸ்ரோ 1969 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அது செலவு செய்கிற துறையாகவே இருந்தது. 1992 செப்டம்பர் 28 அன்று, விண்வெளித் துறையின் கீழ் ஆண்ட்ரிக்ஸ் என்ற கம்பெனியைப் பதிவு செய்தார்கள். பங்கு முழுவதும் அரசாங்கத்துடையது. முதல் தலைவர் யூ.ஆர். ராவ், நம் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டாவைச் செய்து முடித்தவர்.

இந்தக் கம்பெனிக்கென்று தொழிற்சாலை கிடையாது. ராக்கெட் வேலை திருவனந்தபுரத்தில், இன்ஜின் சோதனை நம் திருநெல்வேலிப் பக்கத்து மகேந்திரகிரியில், ஏவுவது ஸ்ரீஹரிகோட்டாவில். எல்லாம் இஸ்ரோவுடையவை. ஆண்ட்ரிக்ஸிடம் இருந்தது பில் புத்தகமும் முத்திரையும்தான் என்று சொல்லலாம். இஸ்ரோ தலைவரே ஆண்ட்ரிக்ஸுக்கும் தலைவராக இருந்தார். முதலாளியும் அவரே, கணக்குப்பிள்ளையும் அவரே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் வியாபாரம் நன்றாகத்தான் போயிற்று. 1995 டிசம்பரில் ரஷ்ய ராக்கெட்டில் போன ஐ.ஆர்.எஸ். 1சி எடுத்த படங்களில் ஆறு மீட்டருக்கும் குறைவான பொருளைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ராணுவத்துக்கு வெளியே அன்றைக்கு உலகில் அதைவிடத் துல்லியமான படம் இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று வாங்கி விற்றது. 1999 மே 26 அன்று நம் பி.எஸ்.எல்.வி., சொந்தச் சரக்கோடு கொரியா, ஜெர்மனிக்காரர்களின் சிறிய செயற்கைக்கோள் இரண்டையும் கூலிக்கு ஏற்றிச் சென்றது. முதல் வெளிநாட்டு வாடகை அதுதான். 2007 ஏப்ரலில் இத்தாலியின் 'அஜிலே'வுக்காகவே ஒரு ராக்கெட் கிளம்பியது. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள். அவற்றில் 101 வெளிநாட்டுடையவை. மினி பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி என்று அப்போது கேலி செய்தவர்களும் உண்டு. பஸ் நிறைந்தால்தானே கட்டுப்படியாகும்?

எல்லாச் சரக்கும் விலைக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நம் தென்னைகள் சாய்ந்ததைத் தடுக்க முடியவில்லை. ஆனால் புயல் வருவது நாட்கணக்கில் முன்பே தெரிந்தது. வானிலைச் செயற்கைக்கோள் படத்துக்கு நம்மிடம் யாரும் காசு கேட்கவில்லை. எதை விற்பது, எதை நாட்டுக்கென்று வைத்துக்கொள்வது என்ற கேள்வியில்தான் ஆண்ட்ரிக்ஸ் வசமாக மாட்டிக்கொண்டது.

2005 ஜனவரி 28 அன்று பெங்களூரின் தேவாஸ் என்ற கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். தேவாஸை ஆரம்பித்தவர்களில் இஸ்ரோவில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் இருந்தார்கள். ஜிசாட் 6, ஜிசாட் 6ஏ என்ற இரண்டு செயற்கைக்கோள்களைக் கட்டி, அவற்றின் 'எஸ் பேண்ட்' அலைவரிசையில் பெரும்பகுதியை அவர்களுக்கு வாடகைக்கு விடுவது என்று பேச்சு. ஏலம் கிடையாது. 2011இல், 2ஜி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம், இது பத்திரிகைகளில் வெடித்தது. அந்த பிப்ரவரியிலேயே மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு கூடி, ராணுவத்துக்கும் நாட்டின் பிற தேவைகளுக்கும் அலைவரிசை வேண்டும் என்று ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

தவறான விலைக்குக் கொடுத்திருந்தால் ரத்து செய்தது நியாயம்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் கடைக்காரன் கையெழுத்துப் போட்ட சீட்டை முதலாளி கிழித்தால், வாங்கியவன் சும்மா இருப்பானா? சர்வதேச மத்தியஸ்தத்துக்குப் போனார்கள். 2015 செப்டம்பரில் ஆண்ட்ரிக்ஸ் 56.25 கோடி டாலரும் வட்டியும் தர வேண்டும் என்று தீர்ப்பு. கம்பெனியின் கடனுக்கு முதலாளி வீட்டை ஜப்தி செய்வது போல, பாரிஸில் இந்திய அரசாங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் மேலேயே கோர்ட் உத்தரவு வாங்கினார்கள் தேவாஸின் முதலீட்டாளர்கள். நம் பக்கமும் விடவில்லை. மோசடிக்காகவே தொடங்கிய கம்பெனி என்று சொல்லி தேவாஸைக் கலைக்கும் உத்தரவை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் மத்தியஸ்தத் தீர்ப்பையே தள்ளுபடி செய்தது.

இத்தனைக்கும் காரணமான இரண்டு செயற்கைக்கோள்களும் பின்னால் மேலே போயின. ஜிசாட் 6 2015இல். ஜிசாட் 6ஏ 2018 மார்ச்சில் கிளம்பி, சில நாளிலேயே தொடர்பு அறுந்து போனது.

இதற்கிடையில் 2019 மார்ச் 6 அன்று அரசாங்கம் நியூஸ்பேஸ் இந்தியா லிமிடெட் என்று இரண்டாவது கடையைத் திறந்தது. உக்ரைன் போரால் ரஷ்ய ராக்கெட் கிடைக்காமல் தவித்த ஒன்வெப் கம்பெனிக்கு 2022, 2023இல் இரண்டு நடையில் 72 செயற்கைக்கோள்களை ஏற்றிக் கொடுத்தது இந்தப் புதுக்கடைதான். பழைய கடையைப் போல இதன் கையில் வெறும் பில் புத்தகம் இல்லை. ஆகாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பத்துச் செயற்கைக்கோள்களையே இதன் பேருக்கு மாற்றிவிட்டார்கள்.

பழைய கடையின் வழக்கு மட்டும் ஓய்ந்தபாடில்லை. ஆண்ட்ரிக்ஸை அமெரிக்கக் கோர்ட்டில் இழுக்கத் தடையாக இருந்த ஒரு காரணத்தை, 2025 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கி, வழக்கை மறுபடி கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பிவைத்தது. 2005இல் போட்ட சீட்டுக்கு இருபது வருஷம் கழித்தும் வாய்தா.