அகோத்தின் காது

பிரெனே மலையின் பிரெஞ்சுச் சரிவில் உள்ள சுபெரோவா, பாஸ்க் மக்களின் நாடுகளில் ஒன்று. அங்கே ஒரு பழைய காதல் பாட்டு உண்டு. தந்தைக்குத் தெரியாமல் வந்த பெண், ஆடு மேய்க்கும் தன் காதலனிடம் அழுதபடி சொல்கிறாள்: யாரோ வீட்டில் கோள்மூட்டிவிட்டார்கள், மேய்ச்சல் இடத்தை அப்பா மாற்றிவிட்டார், இனி உன்னோடு பேசக்கூடாதாம். காரணம், அவன் அகோத். அந்தச் சாதியோடு கலக்கக் கூடாது. பாட்டில் வரும் சொல்லே 'கஸ்தா'தான். போர்த்துகீசியர் நம் சாதிக்கு வைத்த 'காஸ்தா' என்ற பெயரின் உறவுச்சொல் அது.

அகோத்துகளுக்கும் மற்றவர்களுக்கும் மொழி ஒன்று, மதம் ஒன்று. இருந்தும் தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. பிறரோடு மணஉறவு கிடையாது. தொழுநோயாளிகளின் வாரிசு என்று ஒரு கதை, மதத்துரோகிகளின் வாரிசு என்று இன்னொரு கதை. விலக்கி வைத்தவர்களுக்கு ஏதாவது ஒரு கதை போதுமாயிருந்தது.

கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபோது ஆளை எப்படி அடையாளம் காண்பது? ஊர் ஒரு காதைக் கற்பித்துக்கொண்டது. அகோத்துக்கு ஒரு காது பெரிது, மற்றது உருண்டு, சுற்றிலும் மயிர் மண்டியது என்று பாட்டிலேயே வருகிறது. அதைவிட நம்மை உறுத்துவது, தான் அகோத் என்று தெரிந்திருந்தால் உன்னைக் கண்ணெடுத்துப் பார்க்கவே துணிந்திருக்க மாட்டேன் என்று காதலன் சொல்லும் இடம். அதுவரை அவனுக்கே தெரியாது. தெரிந்த நொடியில் தலை குனிகிறது. இந்தக் குனிவை நாம் அறிவோம்.

அவள் அவன் காதுகளைப் பார்க்கிறாள். இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. அப்படியானால் நீ அவர்களில் ஒருவனில்லை, அப்பாவிடம் சொல்கிறேன் என்கிறாள். காதல் ஜெயிக்கப் பார்க்கிறது. காதுச் சோதனை அப்படியே நிற்கிறது. 'நீ அவர்கள் மாதிரி இல்லை' என்ற பாராட்டை வாடகை வீடு தேடும்போதும் அலுவலகத்திலும் கேட்டவர்கள் இந்த அரங்கிலேயே உண்டு. அதனால்தான் பாட்டின் அழகுக்கு நாம் முழுசாக மயங்க முடியவில்லை.

எல்லைக்கு அப்பால் நவார்ராவின் அகோத்துகள் வேறு வழியில் போனார்கள். காதைக் காட்டி ஒருவர் தப்பிக்கும் வழியல்ல அது. அகோத்துகளாகவே சேர்ந்து போப் பத்தாம் லியோவிடம் முறையிட்டார்கள். அவர்களைப் பிற விசுவாசிகளுக்குச் சமமாக நடத்த 1515இல் ஆணை வந்தது. குருமாரும் ஊராரும் எளிதில் பணியவில்லை; வழக்குகள் நீண்டன. நவார்ராவின் சட்டமன்றம் பாகுபாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியது 1817-18இல். முந்நூறு ஆண்டு! சட்டம் வந்த பிறகும் மணஉறவுத் தடை சட்டென்று உடையவில்லை. சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணமே என்று 1936இல் அம்பேத்கர் எழுதியதை இங்கே நினைக்கிறோம். பாட்டுக்காரருக்கும் அந்த முடிச்சு தெரிந்திருக்கிறது.

பாஸ்தான் பள்ளத்தாக்கில் அகோத்துகள் வாழ்ந்த சேரி போசாத்தே. அங்கே பிறந்த சிற்பி சாபியேர் சன்சோத்தேனா, அதே மண்ணில் தம் சிற்பப் பூங்காவை அமைத்தார். அகோத்துகளின் வாழ்வைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகத்தையும் உருவாக்கினார். அகோத் என்ற பெயரை அவர் மறைக்கவில்லை.