தாய்க்கு அனுமதி இல்லாத வார்டு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுக்குள் பெற்றோர் நுழைய நாளும் மணியும் குறித்து வைத்திருந்தார்கள். 1949இல் லண்டன் மருத்துவமனைகளைப் பற்றித் திரட்டிய விவரம் இப்படி இருந்தது: கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு 2 முதல் 4 மணி வரை, செயின்ட் பார்தலோமியூவில் புதன் 2 முதல் 3.30 வரை, சேரிங் கிராஸில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் பார்வை நேரமே கிடையாது. லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு அப்பால் நின்றுதான் பார்க்கலாம். செயின்ட் தாமஸில் முதல் மாதம் முழுவதும் சந்திப்பு இல்லை. இரவு 7 முதல் 8 வரை, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். தாய் பிள்ளையைப் பார்க்கலாம், பிள்ளை தாயைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. காசநோய், இளம்பிள்ளை வாதம் போன்றவற்றுக்குப் படுத்த குழந்தைகள் இந்த விதியின் கீழ் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். குழந்தையோடு கூட ஆள் இல்லாவிட்டால் சேர்க்கவே யோசிக்கும் நம் அரசு ஆஸ்பத்திரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமான வழக்கம்.

வழக்கம் கொடுமையிலிருந்து பிறந்ததல்ல, பயத்திலிருந்து பிறந்தது. தட்டம்மை, தொண்டை அடைப்பான், வயிற்றுப்போக்கு எல்லாம் கட்டிலுக்குக் கட்டில் தாவிய காலம் அது. நியூயார்க் குழந்தை மருத்துவர் ஹென்றி சேப்பின் அமெரிக்க நகரங்களின் குழந்தை இல்லங்களைப் பற்றி 1915இல் வெளியிட்ட கணக்கில், கைக்குழந்தைகளின் இறப்பு விகிதம் படித்தவரைத் திகைக்க வைத்தது. பெரும்பாலோர் இதற்குக் கிருமியைக் காரணம் காட்டினார்கள். மருந்தாகக் கண்டது ஒதுக்கி வைத்தல். கட்டில்களுக்கு நடுவே தடுப்பு எழும்பியது, முகமூடி வந்தது, தொடுவது குறைந்தது. செவிலியர் கையைச் சட்டைக்கை போன்ற துளை வழியே நுழைத்து, குழந்தையைத் தொடாமலே கவனிக்கும்படி ஒரு பெட்டியைக்கூட வடிவமைத்தார்கள். குழந்தை வளர்ப்பு நூல்களும் இதே பக்கம் சாய்ந்தன. ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் 1928இல் எழுதிய நூல் பிள்ளைகளைக் கட்டியணைக்காதே, முத்தமிடாதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று தாய்மாருக்கு அறிவுரை சொன்னது.

நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை 1930களில் நடத்திய ஹாரி பேக்வின் எதிர்த்திசையில் நடந்தவர். கைகழுவச் சொல்லும் அறிவிப்பை எடுத்துவிட்டு, குழந்தையைக் கையில் எடுக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதி மாட்டினார். தொற்று பெருகவில்லை, குறைந்தது. கைக்குழந்தைகளின் தனிமையைப் பற்றி 1942இல் அவர் எழுதினார். மற்ற மருத்துவமனைகள் கண்டுகொள்ளவில்லை. 1945இல் மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டார். ஒன்று, பெண் கைதிகள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே வளர்த்த சிறைக் காப்பகம். மற்றது, சுத்தத்திலும் உணவிலும் குறையில்லாத, ஆனால் பல குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் மட்டுமே இருந்த அனாதை இல்லம். சிறைக் குழந்தைகள் நடந்தார்கள், பேசினார்கள். இல்லத்தின் 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுக்குள் இறந்தார்கள். ஸ்பிட்ஸின் ஆய்வு முறையில் ஓட்டைகள் உண்டு என்று 1950களிலேயே கடுமையான விமர்சனம் வந்தது, அது நியாயமானதும்கூட. ஆனாலும் கிருமியை மட்டும் குற்றம் சாட்டிக்கொண்டிருக்க இனி முடியவில்லை.

பெனிசிலின் வந்து தொற்றுப் பயம் தணிந்த பிறகும் பார்வை நேரம் மாறவில்லை. விதியைத் தாங்கி நின்றது வேறொரு காரணம்: தாய் வந்து போனால் பிள்ளை அழும், வராவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். அமைதியான வார்டு நன்றாக நடக்கும் வார்டு என்று தலைமைச் செவிலியர்கள் நம்பினார்கள். பிள்ளை ‘பழகிவிட்டது’ என்று சொன்னார்கள்.

அந்த அமைதியை வேறு விதமாகப் படித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃப்ராய்டின் ஹாம்ப்ஸ்டெட் குழந்தைக் காப்பகத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். 1948இல் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் மனநல மருத்துவர் ஜான் போல்பியுடன் சேர்ந்து, மருத்துவமனைக் குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கினார். அவர் கண்டது மூன்று கட்டம். முதலில் கதறலும் எதிர்ப்பும். அடுத்து நம்பிக்கை இழந்த சோர்வு. பிறகு விலகல்: பிள்ளை சிரிக்கும், சாப்பிடும், யாரிடமும் போகும், தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வார்டில் குணமானதாக எண்ணப்பட்டது இந்த மூன்றாம் கட்டம். போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாயின் பராமரிப்பு இழந்த குழந்தைகளைப் பற்றிய சான்றுகளை ஒருசேரத் தொகுத்தது. மருத்துவர்களோ, எழுத்தைப் படித்து நகர்வதாக இல்லை.

ராபர்ட்சன் படக்கருவியை எடுத்தார். அதற்கு முன் அதைத் தொட்டவரல்லர். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கவிருந்த, இரண்டு வயது ஐந்து மாதமான லாரா என்ற சிறுமியைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பொறுக்கித் தேராமல் எடுத்தார்கள். தனக்கு வேண்டிய காட்சிகளை மட்டும் தேர்ந்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகக் குறித்த நேரங்களில் மட்டும் படம்பிடித்தார். சுவர்க் கடிகாரமும் காட்சிக்குள் இருந்தது. லாரா அதிகம் அழாத பிள்ளை. அழுகையை அடக்கிக்கொண்டு அம்மாவை நடுநடுவே கேட்டாள். வீட்டுக்குப் புறப்படும் நாளில் அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்தாள். கூக்குரலிடும் பிள்ளை கிடைத்திருந்தால் படம் இத்தனை வலுவாக இருந்திருக்காது.

1952 நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் திரையிடப்பட்டபோது அவை கொதித்தது. செவிலியர் தொழிலையே இழிவுபடுத்துகிறார், இந்தப் பிள்ளை விதிவிலக்கு, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். கோபப்பட்டவர்களில் ஒருவர் அமெர்ஷாம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் டெர்மோட் மக்கார்த்தி. ஆனால் தன் வார்டுக்குத் திரும்பியதும் படத்தில் கண்டதையே அங்கும் கண்டார். தாய்மாரைக் குழந்தைகளோடு தங்க அனுமதித்தார். 1958இல் ராபர்ட்சன் எடுத்த இரண்டாவது படம் அமெர்ஷாமில் தாயோடு தங்கிய குழந்தையைப் பற்றியது. இது புதிய யோசனையும் அல்ல. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலிருந்தே தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துவந்தார். நியூசிலாந்தின் லோயர் ஹட்டில் ஹென்றி, செசிலி பிக்கரில் தம்பதியின் மருத்துவமனையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது தாய்தான்; அதுவும் தொற்றைத் தவிர்ப்பதற்காக. தாயை வெளியே நிறுத்தச் சொன்ன காரணமும் உள்ளே அழைக்கச் சொன்ன காரணமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

அறுவை மருத்துவர் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு 1959இல் அரசுக்கு அறிக்கை தந்தது: பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்க இடம் தர வேண்டும். அறிக்கை வந்ததே தவிர, வார்டுகள் அவசரப்படவில்லை. ராபர்ட்சனின் படங்களையும் செய்தித்தாள் கட்டுரைகளையும் பார்த்த லண்டன் பேட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் 1961இல் சங்கம் அமைத்து, மருத்துவமனை மருத்துவமனையாகக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகே விதிகள் தளர்ந்தன.

தாயைப் பிரிவது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை விலங்கு ஆய்வகங்கள் தேடின. செய்மோர் லெவின் 1957இல் எதிர்பாராத முடிவை வெளியிட்டார்: தினமும் சில நிமிடம் தாயிடமிருந்து எடுத்துத் திருப்பி வைத்த எலிக்குஞ்சுகள் வளர்ந்தபின் அதிகம் அஞ்சவில்லை, தொடப்படாதவையே அஞ்சின. பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைத் தாயிடம் தேடின. கால் மணி நேரத்தில் திரும்பிய குஞ்சைத் தாய் விடாமல் நக்கித் தேற்றுகிறது. மூன்று மணி நேரம் பிரித்தால் முடிவு தலைகீழாகிறது. கேம்பிரிட்ஜ் அருகே மேடிங்லியில் ராபர்ட் ஹைண்ட், ரீசஸ் குரங்குக் குட்டிகளிடமிருந்து தாயை ஆறு நாள் பிரித்தார். மாதங்கள் கழிந்த பிறகும் அக்குட்டிகள் புதிய பொருள்களை அணுகத் தயங்கின. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1997இல், தாய் எவ்வளவு நக்கி வளர்க்கிறது என்பதைப் பொறுத்துக் குஞ்சின் அழுத்த ஹார்மோன் எழுச்சி பிற்காலத்தில் மாறுவதைக் காட்டினார்கள். குஞ்சுகளை மாற்றி வைத்தால் அவை பெற்ற தாயைப் போலன்றி வளர்த்த தாயைப் போலவே ஆகின. அந்த ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான மரபணுவின் மேல் மெத்தில் குறிகள் வேறுபடுவதை 2004இல் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கண்டார்கள். எலிக்குச் சொன்னதை மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருத்துவது அவசரப்படுவதாகும்.

பிரிவு என்ற ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதை ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் தாங்களே காட்டினார்கள். தாய் பிரசவத்துக்குப் போன நாட்களில் நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள்; ஏங்கினாலும் அவர்கள் நிலைகுலையவில்லை. அதே காரணத்துக்காக ஒன்பது நாள் குழந்தை இல்லத்தில் விடப்பட்ட பதினேழு மாத ஜான், ஒவ்வொரு செவிலியரையும் தேடிப் போய், முறை மாறி மாறி ஆள் போனதால் ஒருவரும் நிலைக்காமல், கடைசியில் தன் தாயிடமே போக மறுத்தான். ஜானைப் பற்றி ராபர்ட்சன் தம்பதி எடுத்து 1969இல் வெளிவந்த படம், பிரிவைவிட, அந்நாட்களில் ஒரே ஆள் கூட இருந்தாரா என்பதைப் பெரிதாக்கியது. போல்பியின் அறிக்கையை வைத்து வேலைக்குப் போகும் தாய்மாரைக் கடிந்தவர்கள் பலர். அவர்களுக்கு இந்த வேறுபாடு தேவைப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1962இலும், மைக்கேல் ரட்டர் 1972இலும் போல்பியின் கருத்தை மறுபரிசீலனை செய்து வரம்பு கட்டினார்கள்.

மருத்துவமனைக் குழந்தைகளுக்கான ஐரோப்பிய அமைப்புகள் 1988இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கூடி, பத்து அம்சச் சாசனம் ஒன்றை ஏற்றன. பெற்றோர் எந்நேரமும் உடனிருப்பது குழந்தையின் உரிமை என்றும், தங்க விரும்பும் பெற்றோருக்கு அதனால் செலவோ வருமான இழப்போ நேரக் கூடாது என்றும் அது சொல்கிறது.