குந்தி அமரும் குழந்தை

சற்றுத் தூரம் ஓடிய குழந்தை மூச்சிரைக்க நின்று, சட்டென்று தரையில் குந்தி அமர்கிறது. உதடும் நகக்கண்ணும் நாவற்பழம் தின்றாற்போல் நீலம் பாரித்திருக்கின்றன. சிறிது நேரத்தில் தெளிந்து எழுகிறது. எவரும் கற்பிக்காத வைத்தியம் இது. குந்தும்போது கால் தமனிகள் மடங்கி, உடலுக்குள் பாயும் குருதிக்கு எதிர்ப்பு மிகுகிறது. கூடுதல் குருதி நுரையீரலை நோக்கித் திரும்புகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை நடந்துவிடும் ஊர்களில் இன்று இக்காட்சி அரிது.

1888இல் மார்செய் நகர மருத்துவர் ஆர்தர் ஃபாலோ, இந்நீலநோய்க்குப் பின்னே நான்கு குறைகள் ஒருங்கே இருப்பதை எழுதினார்: கீழறைச் சுவரில் துளை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் குறுக்கம், துளையின்மேல் ஏறிநிற்கும் பெருந்தமனி, தடித்த வலக் கீழறை. கனடாவின் மாட் அபட் 1936இல் ஆயிரம் இதயக் குறைகளைத் தொகுத்து நூலாக்கினார். ஆயினும் அவ்வறிவு பெரிதும் பிணக்கூறாய்வு தந்தது. உயிருள்ள குழந்தையின் நெஞ்சுக்குள் இருப்பதை அறிவது எங்ஙனம்?

பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை இதயப் பிரிவை 1930 முதல் நடத்திய ஹெலன் டாசிக்குக்குச் செவித்திறன் குன்றியது. இதய ஒலியைக் கேட்க வேண்டிய மருத்துவர் அதை விரல்களால் தொட்டறியப் பழகினார். (நாடுதலும் நாடியும் நம் மொழியில் அருகருகே நிற்பது எனக்கு நினைவுக்கு வருகிறது.) ஊடுகதிர்த் திரையில் இதயத்தின் நிழலை வெவ்வேறு கோணங்களில் பார்த்தார். அவர் கண்டது இது: பிறந்தபின் மூடிக்கொள்ளவேண்டிய தமனி நாளம் மூடாதிருக்கும் வரை நீலக் குழந்தை ஓரளவு தாங்குகிறது, மூடியதும் வாடுகிறது. எனில், அப்படியொரு வழியைச் செயற்கையாக அமைத்தால் என்ன?

1938இல் அந்நாளத்தைக் கட்டி மூடிப் புகழ்பெற்றிருந்த பாஸ்டனின் ராபர்ட் கிராஸ் இதில் நாட்டம் கொள்ளவில்லை. ஆல்ஃபிரட் பிளாலாக் கொண்டார். நாய்களில் அம்முறையைச் செய்து தேர்ந்தவர் அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். கல்லூரிப் படிப்பைத் தொடரமுடியாமற்போன கறுப்பினத் தச்சர். 1944 நவம்பர் 29 அன்று, 15 மாதக் குழந்தைக்கு முதல் அறுவை. பிளாலாக்கின் பின்னே சிறு மேடைமேல் நின்று, தையல் தையலாக வழிசொன்னவர் தாமஸ்தான். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடு அறுவை மேசையிலேயே சிவந்தது.

1945இல் வெளிவந்த கட்டுரையில் பிளாலாக், டாசிக் இருவர் பெயர் மட்டுமே. ஒருவரைக் கண்டும் காணாதிருப்பது அறிவுலகிலும் நடக்கும். அதே பல்கலைக்கழகம் 1976இல் தாமஸுக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. மருத்துவத்தில் அன்று, சட்டத்தில்.