அடைப்புக்குறிக்குள் வந்த மாற்றம்

நம் கல்லூரி லேபில் சி படித்தவர்களுக்குப் புரோட்டோடைப் ஞாபகம் இருக்கும். புரோகிராமின் ஆரம்பத்தில் ஒரு வரி: ஃபங்ஷன் பெயர், அடைப்புக்குறிக்குள் இன்ட், டபுள் என்று வகைகள், கடைசியில் செமிகோலன். எதற்கென்று கேட்காமலே எழுதிவிட்டுப் போயிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது, அந்த அடைப்புக்குறி காலியாகத்தான் இருந்தது. ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று அறிவிக்கலாம்; அதற்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று அறிவிக்க வழியில்லை. 1978-இல் வந்த கெர்னிகன்-ரிட்சி புத்தகத்திலும் அதே முறைதான். வர்க்கமூலம் காணும் ஃபங்ஷனுக்கு வெறும் 2 என்று கொடுத்தால் போச்சு! அது எதிர்பார்ப்பது டபுள். போய்ச் சேர்வது இன்ட். கம்பைலர் வாயே திறக்காது, விடை மட்டும் குப்பையாக வரும். இந்த மாதிரித் தவறுகளைப் பிடிக்க அங்கேயே ஸ்டீபன் ஜான்சன் 'லின்ட்' என்று தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டியிருந்தது.

அதே பெல் லேப்ஸில் 1979-இல் வேலையைத் தொடங்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப், பின்னால் சி பிளஸ் பிளஸ் ஆன தன் மொழியில் அடைப்புக்குறிக்குள் வகைகளைக் கொண்டுவந்தார். 1989-இல் ஆன்சி தரம் அதை சி-க்கே எடுத்துக்கொண்டது. அதன்பின் புரோட்டோடைப் இருந்தால், 2 கொடுத்தாலும் கம்பைலரே அதை 2.0 ஆக்கிவிடும். ஒன்று கூடக்குறையக் கொடுத்தால் உடனே தடுத்துவிடும். மொழியில் தரக் குழு செய்த உண்மையான முக்கிய மாற்றம் இது ஒன்றுதான் என்று 1993-இல் ரிட்சியே எழுதினார்.

ஆனால் ஏற்கெனவே எழுதிய புரோகிராம்களை என்ன செய்வது? அவை ஓடியாக வேண்டுமே! அதனால் பழைய முறையையும் விட்டுவைத்தார்கள். காலி அடைப்புக்குறிக்கு 'ஒன்றும் சொல்லவில்லை' என்ற பழைய பொருளே நீடித்தது. 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்ல உள்ளே 'வாய்டு' என்று எழுத வேண்டி வந்தது. 2024-இல் வெளியான சி23 தரம்தான் பழைய முறையை ஒரேயடியாக நீக்கியது. 35 வருஷம்!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் எழுதும் ஃபங்ஷனை நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் பயன்படுத்துவார். அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எத்தனை காலம் பிடிக்கும் என்பதற்கு சி மொழியே சாட்சி.