பங்குதாரர் பதிவேடும் நன்மைபெறும் உரிமையாளரும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதி

கம்பனியொன்றின் பங்குகள் யாருடையவை என்பதற்குச் சட்டம் ஏற்கும் சான்று பங்குதாரர் பதிவேடு. அதில் பெயருள்ளவருக்குப் பின்னால் நின்று ஆதாயத்தையும் அதிகாரத்தையும் அனுபவிக்கும் மனிதரே நன்மைபெறும் உரிமையாளர். இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை.

இலங்கையின் கம்பனிச் சட்டம் 1861ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கி 1938, 1982, 2007 என மாறி வந்தது. நம்பிக்கைப் பொறுப்பு எதையும் பதிவேட்டில் குறிக்கலாகாது என்பது ஆங்கிலேயச் சட்டம் தந்த விதி. பங்கு வாங்குபவர் பெயரைப் பார்த்தால் போதும், பின்னணியைத் துருவ வேண்டியதில்லை. வணிகத்துக்கு அது வசதிதான். பினாமிகளுக்கும் அதுவே மறைப்பாயிற்று.

உதாரணமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டியவை அவை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்து அழிந்தது. 2003இல் இந்தியன் ஓயில் கூட்டுத்தாபனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசி அங்கு வந்தது. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 61 குதங்கள் டிரிங்கோ பெற்றோலியம் டெர்மினல் என்ற தனியார் கம்பனிக்கு ஒதுக்கப்பட்டன. அதில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், லங்கா ஐஓசிக்கு 49 சதவீதம். பங்குதாரர் இரண்டும் நிறுவனங்களே, மனிதர் எவருமில்லை. 49 சதவீதத்தைப் பின்தொடர்ந்தால் லங்கா ஐஓசியின் பங்குகளில் 75.12 சதவீதம் இந்தியன் ஓயில் கூட்டுத்தாபனத்திடமும், அதன் பெரும்பான்மைப் பங்குகள் இந்திய அரசிடமும் இருப்பது தெரியும். லங்கா ஐஓசி கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிடப்பட்டது. முதல் 20 பங்குதாரரை ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. அதனால்தான் இந்தத் தடத்தை யாரும் பிடிக்க முடிகிறது. பட்டியலிடப்படாத கம்பனியொன்றில் பினாமி இருந்தால், தேடுபவர் முதற்படியிலேயே நின்றுவிடுவார்.

இந்த மறைப்பை விலக்கும் மாற்றத்தை வெளிநாட்டு அழுத்தமே தொடக்கியது. பணச்சலவைத் தடுப்பைக் கண்காணிக்கும் நிதியியல் நடவடிக்கைச் செயலணி 2017இல் இலங்கையைக் குறைபாடுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் சேர்த்து, 2019இல் நீக்கியது. இடையில் 2018இல், கம்பனி வாடிக்கையாளரின் நன்மைபெறும் உரிமையாளரை இனங்காண வேண்டிய முறையை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு நிதி நிறுவனங்களுக்கு வகுத்துக் கொடுத்தது. ஆனால் அது வங்கிகளின் கடமையாகவே இருந்தது. 2025ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கம்பனிகள் திருத்தச் சட்டம்தான் அதைக் கம்பனிகளின் கடமையாக்கி, விவரங்களைக் கம்பனிப் பதிவாளரிடம் சேர்ப்பிக்கச் சொன்னது.

துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிலமும் கரையும் குத்தகைக்குப் போகும்போது, எடுப்பவர் யார் என்று அறிய அங்கு வாழ்வோருக்கே முதல் உரிமை. அந்தப் பெயர்கள் கொழும்பு அதிகாரிகளின் கோப்பில் முடங்காமல், திருகோணமலை மீனவரும் கேட்டுப் பார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.